முடியை முறையாக இழப்பது எப்படி?

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. இந்தக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். சீப்பில் வந்ததை விரலில் சுருட்டி, வெளிச்சத்தில் பிடித்து, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நெற்றி மேலே ஏறுவதை மட்டும் பேசக் கூடாது. கடுகு போன இடத்தை ஆராய்வதுதான் நமக்குக் கைவந்த கலை.

அடுத்து, தண்ணீர் மேல் பழியைப் போடுங்கள். சென்னைக்கோ துபாய்க்கோ போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். "தண்ணி மாறிருச்சுண்ணே, அதான்" என்று முடித்துவிடலாம். காரைக்குடியிலேயே இருப்பவருக்குத்தான் சிக்கல். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியை ஊரே மெச்சுகிறது. அதைக் குடித்து வளர்ந்த தலைகளும் கல்லுக்கட்டி வெயிலில் பளபளக்கின்றன. அப்போது "போர்த் தண்ணி" என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கும், சிக்கு விழவைக்கும். பரம்பரை வழுக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, செட்டிநாட்டுக்காரர்களுக்கு மட்டுமான விதி: வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்க்காதீர்கள். மற்ற ஊர்க்காரர்கள் பரம்பரையை அறிய யாரையாவது விசாரிக்க வேண்டும். இங்கே அது முகப்பிலும் வளவிலும் வரிசையாக மாட்டியிருக்கிறது. தேக்குச் சட்டம், கொஞ்சம் முன்னால் சாய்ந்த படம், ரங்கூன் ஸ்டுடியோவில் எடுத்தது. பாட்டையாவின் நெற்றியில் விபூதிக்கு மேலே இன்னும் மூன்று விரல் இடம் காலி. பக்கத்துச் சட்டத்தில் ஐயா, அதே நெற்றி. அதற்கடுத்து அப்பச்சி, இன்னும் தாராளம். (சிலர் மொட்டையடித்துக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்து தடயத்தை அழித்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாவம்.) டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பில் உண்டாகும் டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு, மரபுப்படி சில முடிவேர்கள் பணிந்துபோகின்றன; ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்து, கடைசியில் பூனைமுடியோடு நின்றுவிடுகின்றன. பிடரி வேர்கள் அதைச் சட்டைசெய்வதில்லை. முடி நடும் சிகிச்சையில் பிடரியிலிருந்து எடுத்து முன்னால் நடுவது அதனால்தான். இதெல்லாம் தெரிந்தாலும், "ஆயா வீட்டு ஐயாவக் கொண்டிருக்கான்" என்றே சொல்லுங்கள். முக்கியமான மரபணு ஒன்று தாய்வழியில் வருவது உண்மை. அப்பா பக்கத்துக்கும் பங்குண்டு என்பது இன்னொரு உண்மை. சம்பந்தி வீட்டைக் குறை சொல்லப் பாதி உண்மை போதும்.

எண்ணெய்க்கு வருவோம். இரும்புச் சட்டியில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம், நெல்லிக்காய் எல்லாம் போட்டு ஆச்சி காய்ச்சினால் பின்கட்டு வரை மணக்கும். சனிக்கிழமை தேய்த்துக் குளித்தால் முடி மினுமினுக்கும், மத்தியானம் நல்ல தூக்கம் வரும். அதோடு திருப்தியடைந்துவிட்டால் முடியை முறையாக இழக்க முடியாது. சொட்டையில் முளைக்கும் என்று நம்பி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு, போனில் விளம்பரம் வரும் மூலிகைப் பாட்டிலுக்கு மாறுங்கள். "வழுக்கை முற்றிலும் குணமாகும்" என்று அதில் அச்சிட்டிருந்தால் விசேஷம். எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களுக்கு, நம் நாட்டு மருந்து விதிகளில் அட்டவணை ஜே என்றொரு பட்டியல் உண்டு. அதில் புற்றுநோயோடு வழுக்கையும் இருக்கிறது. உங்கள் தலைக்காக ஒருவர் சட்டத்தையே மீறுகிறாரே, அவரை நம்பாமல் யாரை நம்புவது?

சின்ன வெங்காயத்தையும் விட வேண்டாம். காசளவு வட்டமாக முடி போகும் புழுவெட்டில் புழு ஏதுமில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தாக்குகிற கோளாறு அது. அதற்கு வெங்காயச் சாறு தேய்த்துப் பார்த்த சிறிய ஆய்வொன்று 2002இல் பாக்தாத்திலிருந்து வெளிவந்தது, பலருக்கு முளைத்ததாம். புழுவெட்டு பலருக்குத் தானாகவும் முளைத்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தச் சாற்றை ஏறுநெற்றியில் தேய்த்துக்கொண்டு மதுரை பஸ் ஏறுவது. பக்கத்து சீட் நிச்சயம் காலியாக இருக்கும்.

பெண்களுக்கு நெற்றி ஏறுவதைவிட வகிடு அகலமாவதுதான் அதிகம். அகன்றால் கொண்டையை இன்னும் இறுக்கிப் போட்டு மறையுங்கள். அந்த இழுப்பே காதோரத்து முடியையும் கழற்றிவிடும். "பிள்ள மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்று அப்பத்தா சொல்வது நாள் கணக்கில் ஏறக்குறைய சரி. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடியெல்லாம் பிரசவமாகி மூன்று மாத வாக்கில் ஒன்றாக உதிரும். குழந்தை சிரிப்பதும் அந்தச் சமயம்தான். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்துவிடும். டைபாய்டு, டெங்கு வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவதும் இதே கதை. ரத்தசோகை, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்றால் ஒரு ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் பிடிபட்டுவிடக்கூடும். ஆகவே பரிசோதனைப் பக்கம் போகாமல் ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருங்கள்.

குன்றக்குடியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பார்கள். முருகனுக்காகப் போடுங்கள், நல்லது. கத்திக்கு எட்டுவது தோலுக்கு மேலே உள்ள முடிதான்.

மினாக்சிடில் முதலில் ரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைக்கவே, 1988இல் அமெரிக்காவில் தலையில் தடவும் மருந்தாக அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய சில வாரங்களில் பழைய முடி கொஞ்சம் கூடுதலாக உதிரலாம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். ஆகையால் மூன்றாவது வாரமே பயந்து நிறுத்திவிடுங்கள். டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டெரைடு, 1997 முதல் ஆண்களின் வழுக்கைக்கு அங்கே அனுமதி பெற்ற மாத்திரை. பக்கவிளைவுகளை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது. நீங்கள் மச்சானிடம் கேட்டு வாங்குங்கள்.

வேர்கள் முழுக்கச் சிறுத்துப்போவதற்குள் தோல் மருத்துவரிடம் போய்விட்டால் இத்தனை உழைப்பும் வீண். பேரன் எடுத்த பிறகு, மகள் நச்சரிப்புக்காகப் போய் உட்காருங்கள். "எவ்வளவு நாளா கொட்டுது?" என்று கேட்பார்.

"ஒரு வாரமாத்தான் டாக்டர்" என்று சொல்லுங்கள்.