வெள்ளாற்றில் ஒரு கண்டிகோட்டா

பள்ளத்தாக்கில் தன்னந்தனியாக நடந்தால்தான் தன்னை அறிய முடியுமாம். அதற்காகவே பெண்ணாறு பாறையை அறுத்த கண்டிகோட்டாவுக்கு ஆந்திரா வரை போகிறார்கள் நம் பிள்ளைகள். மணமேல்குடிப் பக்கம் கடலில் கலக்கும் தெற்கு வெள்ளாற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலும்.

மலை இல்லைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் சிகரம் வேகத்தடை. ஆனால் பள்ளத்துக்கா பஞ்சம்? கிராண்ட் கேன்யனைக் குடைய கொலராடோ ஆறு சுமார் 50 லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. சோம்பேறி ஆறு! நம் ஆறுகளுக்கு ஒரு பொக்லைன், நாலு டிப்பர், ஓர் அமாவாசை போதும். தண்ணீர் தொந்தரவும் கிடையாது.

2024-இல் அரசு அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளில் வழிகாட்டி கூடவே வருவார். அதில் ஏது தனிமை? இங்கே டிப்பர் ஓடும் நேரத்தில் ரோந்துகூட எட்டிப்பார்க்காது. பயணியின் தியானத்தைக் கெடுக்கக் கூடாதென்ற பெருந்தன்மை.

மலையும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி. அள்ளிய மணலைக் குன்றாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஏறத்தான் அனுமதியில்லை. யூனிட் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.