ஒன்றே முக்கால் கன அடி காற்று

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ராத்திரியில் வரும் வண்டிகளில் முதலில் ஹெட்லைட் தெரியும், அப்புறம் இன்ஜின் சத்தம் கேட்கும். ஒரே ஒரு பிக்கப்புக்கு மட்டும் இந்த வரிசை செல்லாது. டீக்கடையின் தகரக் கூரை மெல்ல உறுமத் தொடங்கும். பெஞ்சில் வைத்த கிளாஸில் டீ வளையம் வளையமாக நடுங்கும். "வந்துட்டாப்ல" என்று மாஸ்டர் இன்னொரு கிளாஸைக் கழுவி வைப்பார். அதற்கும் அரை நிமிஷம் கழித்துத்தான் வண்டி முனையில் திரும்பும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. மார்க்கெட்டில் 'பேஸ்' என்றால்தான் தெரியும். வண்டிக்குள் ஸ்பீக்கர் கட்டி, பேஸ் என்கிற கீழ்ஸ்தாயி அதிர்வைத் துரத்தும் இந்த ரகம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 2005-ல் டாடா ஏஸ் வந்து 'குட்டி யானை' என்று பெயரெடுத்து, சொந்த வண்டி ஓட்டும் பையன்கள் பெருகிய பிறகு ஊருக்கு ஒருவராவது முளைத்துவிட்டார். எங்களவர் வைத்திருப்பது யானையைவிட ஒரு சுற்றுப் பெரியது. கேரளாவுக்குத் தக்காளி லோடு. தவணை இன்னும் பாதி பாக்கி. வீட்டில் மிக்ஸி மூடி உடைந்து ஆறு மாதமாகிறது. அவர் மனைவி உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துத்தான் சட்னி அரைக்கிறார். வண்டியில் இருக்கும் ஆம்ப்ளிக்கோ தனியாக ஃபேன் உண்டு.

வண்டி வாங்கிய அன்று சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காய்வதற்குள், சீட்டைக் கழற்றிவிட்டு உப்புக் காகிதத்தால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஷோரூம் பெயின்ட். மாமனார் பதறிப்போனார். "எர்த்து மாமா. பெயின்ட் இருந்தா எர்த்து புடிக்காது. அப்புறம் ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல உய்ய்ங்குன்னு அழுவும்." அவர் சொன்னது சரிதான். எர்த் சரியில்லையென்றால் ஆல்டர்னேட்டரின் முனகல் பாட்டோடு சேர்ந்து பாடும். ஆனால் பெண்ணைக் கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் கேட்டது வேறு முனகல்.

அடுத்தது இடப் பிரச்சினை. அமெரிக்காவில் பிக்கப்புகளுக்குப் பின்சீட்டு உண்டு. அதன் அடியில் ஊஃபர் பொட்டியைச் செருகிவிடுகிறார்கள். அந்த வீடியோக்களை, ஊட்டி பங்களாவை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர் போலப் பெருமூச்சுடன் பார்ப்பார். நம்மூர் லோடு வண்டியில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது தகரம், அதற்குப் பின்னால் தக்காளி. திறந்த பாடியில் வைத்தால் பேஸ் வெட்டவெளியில் கரைந்து போகும். அடைத்த சின்னக் கேபினுக்குள் வைத்தாலோ கீழ்ஸ்தாயிக்குக் காசில்லாமல் கனம் கூடும். ஆகவே கிளீனர் சீட் போயிற்று. கிளீனர் பையன் இப்போது பொட்டியின் மேல் உட்கார்ந்து வருகிறான். பழனி தாண்டும்போது அவன் பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும்.

பொட்டி செய்த ஆசாரியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகக் கட்டிலும் நிலைக்கதவும் செய்தவர். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையும் அளவுத் துண்டுச்சீட்டும் கொண்டுவந்து கொடுத்தபோது கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

"இதுக்குக் கதவு எங்க தம்பி?"

"கதவு இல்லண்ணே."

"அப்ப பொருளை எப்படி உள்ள வைப்பே?"

"பொருள் இல்ல. உள்ள காத்துதான். ஒன்றே முக்கால் கன அடி."

ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை. கூலியில் பாதியை அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பேஸ் பத்தாம் வகுப்புக் கணக்கில் பாஸ் மார்க்குக்கு மூன்று குறைந்தவர். அவர்தான் என் மண்டிச் சீட்டுகளின் முதுகில் பொட்டியின் கொள்ளளவு, குழாயின் நீளம், கூம்பின் விட்டம் எல்லாம் போட்டுப் பார்த்துத் தள்ளியவர். ஸ்பீக்கருக்கு ஏற்றபடி பொட்டியைக் கணக்குப் போட்டே செய்யலாம் என்று 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் எழுதிவைத்தார். ரிச்சர்ட் ஸ்மால் அதைப் பின்னால் விரித்தார். இருவர் பெயரையும் அவர் குலதெய்வங்களைப் போல, ஒன்றாகச் சேர்த்தே, 'தீல்-ஸ்மால்' என்பார். ஒரே ஆள் என்று வெகுநாள் நினைத்திருந்தார்.

பொட்டியில் ஏன் குழாய் வைத்த ஓட்டை என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். வெறும் பாட்டிலின் வாயில் ஊதிக் காட்டினார். பூம் என்றது. பாட்டில் பெரிதானால் குரல் இறங்கும், கழுத்து நீண்டாலும் இறங்கும்; எங்கே இறங்கி நிற்க வேண்டுமென்று நாம்தான் வெட்ட வேண்டும். கடம் வாசிக்கிறவர் பானையின் வாயை வயிற்றோடு அமுக்கி அமுக்கி எடுக்கிறாரே, ஏறக்குறைய அதே வித்தை. மானாமதுரைக் குயவர்கள் மண்ணில் செய்வதை இவர் பலகையிலும் ஃபெவிகாலிலும் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். "கடத்துக்கு எத்தனை வாட்ஸ்ணே?" என்றார்.

வாட்ஸ் என்று வந்துவிட்டால் இரவு போய்விடும். தொண்ணூறுகளின் டேப் ரெக்கார்டர்களில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்து வந்ததே, அந்தப் பொய்க்கணக்கைச் சொன்னால் கெட்ட வார்த்தை கேட்டது போல முகம் சுளிப்பார். "ஆர்.எம்.எஸ். சொல்லுங்க" என்பார், நகைக்கடையில் சேதாரம் கேட்கிறவர் மாதிரி. முதலில் அவருடையது அசல் 1000 வாட்ஸ். 12 வோல்ட் பேட்டரியில் ஆயிரம் வாட்ஸ் இழுத்தால் 83 ஆம்பியர். வீட்டில் ஏசிக்கு வைக்கும் ப்ளக் பாயின்ட் தாங்குவது 16. அதனால் பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ஒயர் வருகிறது. அப்படியும் ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் ஒருமுறை சுருங்கி விரியும். எதிரே வரும் லாரிக்காரர்கள் டிம் அடிக்கிறார் என்று நினைத்துப் பதிலுக்கு டிம் அடிப்பார்கள். உடுமலை ரோட்டில் இப்படித் தாளம் தவறாமல் மரியாதை வாங்கிப்போகும் டிரைவர் அவர் ஒருவர்தான்.

போன தீபாவளிக்கு ஆம்ப்ளியை மாற்றி 2000 வாட்ஸ் ஆக்கினார். மனைவியை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்.

"எப்படி?"

"முன்ன மாதிரிதான் இருக்கு."

நொந்துபோனார். இதில் விஞ்ஞானம் அந்த அம்மாள் பக்கம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்; காதுக்கு அது ஒரு சிட்டிகை. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் 10000 வாட்ஸுக்குப் போய்விடுவார். தாங்காமல் கருகிய ஊஃபர்கள் ஏற்கெனவே மூன்று அவர் கொட்டகையில் கிடக்கின்றன. காகிதக் கூம்பெல்லாம் போய்க் காந்தம் மட்டும் மிச்சம், ஸ்பேனர்களை ஒட்டவைத்திருக்கிறார்.

இத்தனை செய்த மனிதர் பாட்டுக் கேட்பாரா என்றால், மாட்டார். எந்தப் பாட்டும் அவர் வண்டியில் சரணம் வரை போனதில்லை. இளையராஜா பாட்டைப் போடுவார். பாடுகிறவர் வாயைத் திறந்ததும் தள்ளிவிடுவார். "இருங்க, 1.42-ல ஒரு எறக்கம் வருது பாருங்க." பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த ஒரு அலை காற்றில் நீளுவது சுமார் 27 அடி. வண்டி அவ்வளவு நீளமில்லை. வண்டிக்குள் கொள்ளாத ஒன்றை வண்டிக்குள் வைத்திருக்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு கர்வம். எறக்கம் வந்ததும் ஸ்பீக்கரைப் பார்க்க மாட்டார், ரோட்டையும் அவ்வளவாகப் பார்க்க மாட்டார். நம் முகத்தைத்தான் பார்ப்பார். புருவம் ஏறியதா, கை தானாக நெஞ்சுக்குப் போனதா. போனால் அன்றைக்கு டீ அவர் செலவு. இரண்டு லட்சத்தைத் தொடும் இந்தச் செலவெல்லாம் எதிராளி முகத்தில் நடக்கும் அரை நொடி வேடிக்கைக்காக என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். வெளியாள் யாரும் இல்லாதபோது அவர் எஃப்.எம்.மில் விவசாய நிகழ்ச்சி கேட்பதைக் கிளீனர் பையன் எனக்கு ரகசியமாகச் சொல்லியிருக்கிறான்.

சட்டம் இல்லாமலில்லை. ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இவர் தொழிலே அந்த நேரத்தில்தான். ஒருமுறை ஒரு செக்போஸ்டில் காவலர் கைகாட்டி நிறுத்தினார். திட்டினார், நியாயமாகவே திட்டினார். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். திட்டி முடித்தவர் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக் கேட்டார்: "எத்தனை இன்ச்சு?"

"பன்னெண்டு சார். டபுள் காயில்."

அபராதச் சீட்டு எழுதப்பட்டது. எழுதும்போது கை கொஞ்சம் மெதுவாகத்தான் போனது என்கிறார் இவர்.

போன மாதம் பாலக்காட்டில் ஒரு பழைய பாக்கி வசூலிக்க வேண்டியிருந்தது. பையன் லீவு. பொட்டியின் மேல் நான் உட்கார்ந்தேன். பின்னால் 14 கிலோ பெட்டிகளாகத் தக்காளி. "ரசமா போயிடுமேப்பா" என்றேன். "தக்காளிக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே, ஆனா..." என்று நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

விஷயம் இதுதான். பேஸ் இப்போது கச்சிதமாக வந்துவிட்டது. வந்ததிலிருந்து வண்டியில் இருக்கிற ஒவ்வொரு தகரமும் கூடவே பாடுகிறது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ரப்பர் வைத்தாயிற்று. கதவுக்குள் தார்ப்பட்டை ஒட்டியாயிற்று. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைப் பெயர்த்து அடியில் சிலிகான் பூசி மறுபடி பிரதிஷ்டை செய்தாயிற்று. ஆனாலும் எங்கோ ஒரு 'கிர்ர்'. பதினைந்து நாளாகத் தூக்கமில்லை. பாட்டுப் போடாமல், பரிசோதனை ஒலி ஒன்றை மட்டும் 'ஊம்ம்ம்' என்று ஓடவிட்டு, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர் போலக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். பழனி வந்தது, போனது. மடத்துக்குளம் போனது.

"கேக்குதாண்ணே?"

கேட்டது. எனக்கு முன்னால்தான். டேஷ்போர்டின் மூடி. உள்ளங்கையை அதன் மேல் வைத்து அமுக்கினேன்.

நின்றது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழு நிமிஷம் கேட்டார். அப்படியொரு சாந்தத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. பிறகு முதல் தடவையாக ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து போட்டு, கியரைத் தட்டினார். பல்லவி போய், சரணமும் வந்தது. நான் கையை எடுக்கப் போனேன்.

"அப்படியே புடிச்சுக்கங்கண்ணே" என்றார். "பாலக்காடு வரைக்கும்தான்."