தொட்டிக்குள் கடல்

கேள்வி: 2 அடி உப்புநீர்த் தொட்டி வாங்கியாச்சு. மெரினாவில் ஒரு குடம் மொண்டு வந்து, நீமோ (கோமாளி மீன்) ஜோடியை இன்றைக்கே விட்டுடலாமா?

பதில்: அந்தத் தண்ணீரில் முதலில் நீங்கள் வாய் கொப்பளித்துப் பாருங்களேன்! வண்ணமீன் கடை உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைத்து, சிட்டிகை மீன் தீனி போட்டு, மீனில்லாமலே ஒரு மாதம் ஓடவிடுங்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாதான் முதலில் பால் காய்ச்சிக் குடியேற வேண்டும். நீர் வற்றினால் நல்ல தண்ணீரே ஊற்றுங்கள், உப்பு ஆவியாகாது.

கூடவே டோரி (நீல டாங் மீன்) வேண்டாம், அது ஓரடி வளரும். நீமோவுக்கு ஜோடிப் பொருத்தமும் வேண்டாம். எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும், பெரியது பெண்ணாகிவிடும். அம்மா செத்தால் அப்பாவே அம்மா. சினிமாவில் நீமோவின் அப்பா கடைசிவரை அப்பாவாகவே இருந்தது, சென்சாருக்குப் பயந்தோ என்னவோ!