பாலம் தாண்டினால் தீவு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று நாள் லீவு. கூட்டமில்லாத ஒரு தீவைக் காரிலேயே சுற்றிப் பார்க்க ஆசை. அந்தமான் பட்ஜெட்டுக்குள் அடங்கவில்லை. எங்கே போகலாம்? (சு., மர்பி டவுன்)

பதில்: பாம்பன் தீவு. ராமேஸ்வரம் என்று சொல்லியிருந்தால், 'போன வருஷம்தானே போனோம்' என்பீர்கள். நீங்கள் போனது கோயிலுக்கு. தீவு இன்னும் பாக்கி இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஓசூர், சேலம், கரூர், மதுரை, ராமநாதபுரம், மண்டபம் வழியாக ஏறக்குறைய 600 கி.மீ. சில்க் போர்டு விழித்துக்கொள்ளும் முன் அல்சூரைத் தாண்டிவிட்டால், வெயில் தாழும் நேரத்துக்குப் பாலம் ஏறிவிடலாம். அந்தச் சாலைப் பாலம் வந்தது 1988-இல்தான். அதுவரை தீவுக்கு ரயிலை விட்டால் படகு.

கேள்வி: பாலத்தில் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கலாமா? (ஜெ., அல்சூர்)

பதில்: கூடாது தம்பி. தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் மதுரைக்கு ஓட அந்த ஒரே சாலைதான். பாலம் இறங்கி, பாம்பன் ஊருக்குள் வண்டியைத் திருப்புங்கள். மீனவர் குடியிருப்பைத் தாண்டிக் கரைக்கு வந்தால், 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதியது தெரியும். அங்கே எத்தனை செல்ஃபி வேண்டுமானாலும் எடுங்கள்.

கேள்வி: கோயில் பார்த்தாயிற்று, தீவின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையும் பார்த்தாயிற்று. தீவில் வேறென்ன இருக்கிறது? (ஒரு வாசகி, மர்பி டவுன்)

பதில்: பாலத்துக்கும் அரிச்சல்முனைக்கும் நடுவில் எண்பதில் பறந்தீர்களே அம்மா, அங்கேதான் எல்லாம் இருக்கிறது! தங்கச்சிமடத்தில் மெயின் ரோட்டை விட்டு ஏதாவது ஒரு சந்தில் திரும்புங்கள். பனங்காட்டு நிழலில், மணலில் பாத்தி கட்டி மல்லி நாற்று வளர்க்கிறார்கள். மதுரை மல்லிக்கே நாற்று போவது இந்த மண்ணிலிருந்துதான். கொஞ்ச தூரத்தில் வில்லூண்டி தீர்த்தம்: கடலுக்குள் ஒரு கிணறு, இறைத்தால் நல்ல தண்ணீர்.

தனுஷ்கோடி பக்கம் காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து, ஓர் அடி ஓர் அடியாக வருவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வலையின் மடி கரையேறும்போது சில நாள் வெள்ளியாகக் கொட்டும். சில நாள் சொறி மீனும் பாசியும்தான். முடியும் வரை நில்லுங்கள். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தத் தீவு ஒன்றும் காட்டாது.

கேள்வி: தனுஷ்கோடியை 'பேய் நகரம்' என்கிறார்களே, ராத்திரி தங்க முடியுமா? (வி., இந்திராநகர்)

பதில்: முடியாது, பொழுது சாயும்முன் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பட்டப் பெயரையும் விட்டுவிடுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் ஒரு பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோன இடம் அது. வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் மணலை நாலைந்து அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. அதைப் பெண்கள் பொறுமையாகக் குடத்தில் அள்ளி நிரப்புவார்கள். அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். இடிந்த சர்ச் சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். கடைக்கார அக்காவிடம் பேச்சுக் கொடுங்கள்.

கேள்வி: என்னுடையது ஃபோர் வீல் டிரைவ். மணலில் இறக்கலாமா? (ஆ., மர்பி டவுன்)

பதில்: வேண்டவே வேண்டாம். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை போட்டாயிற்று. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அப்போது மணலில் வேன் ஓடியதற்கு ஒரு நியாயம் இருந்தது.

கேள்வி: எந்த மாதம் போனால் கடல் அமைதியாக இருக்கும்? (மே., மர்பி டவுன்)

பதில்: எந்த மாதமும்! வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடக்கு கொந்தளிக்கும், தெற்கு சாதுவாகிவிடும். தென்மேற்குக் காற்று பிடித்தால் நேர்மாறு. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நடந்தால் போதும். மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போதும் கரைவலை மீன் கிடைக்கும்.