கார் ஷெட் பட்டறையாதல்: எஞ்சிய திருகாணிகளை முன்வைத்து ஒரு திணைக்கோட்பாட்டு நோக்கு

முன்னுரை

மனையடி சாஸ்திரம் வீட்டின் ஒவ்வோர் அடிக்கும் பலன் சொல்கிறது. ஆனால் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டிலிருந்து காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தைப் பட்டறையாக்கினால் என்ன பலன் என்று எந்த நூலும் சொன்னதாக நம் கண்ணில் படவில்லை. நாம் தேடவும் இல்லை. ‘ஆய்வு இடைவெளி’ என்பது பெரும்பாலும் இம்முறையில்தான் கண்டறியப்படுகிறது.

ஆய்வுக்களம், சென்னைப் புறநகரில் ஒரு தனிவீட்டின் ஷெட். அகலம் 10 அடி, நீளம் 18 அடி. மேலே சிமென்ட் ஷீட், முன்னே பாதியில் சிக்கிக்கொள்ளும் ஷட்டர். ஆய்வுக்காலம் அடுத்த ஆயுத பூஜை வரை என்று முதலில் வரையறுக்கப்பட்டு, பிறகு முறைப்படி நீட்டிப்புப் பெறப்பட்டது.

முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்ட உரைகள் மூன்று. மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் அருளியது மதிலுரை. சமையலறை ஜன்னல் வழியே வெளிவந்தது அடுக்களையுரை. மூன்றாவதான மேஸ்திரியுரை மிகச் சுருங்கியது. ‘ஆயிரும் சார்’ என்ற இரண்டே சொற்களால் ஆனது. எது ஆகும், எப்போது ஆகும் என்பதை உய்த்துணர வைத்தமையின் இஃது உத்திவகை எனக் கொள்க.

இயல் 1: திணை

ஷெட்டைத் திணைக்கோட்பாட்டின்படி அணுகுவதே முறை. ஏனெனில் தமிழாய்வில் எதையும் அப்படி அணுகலாம்; யாரும் தடுப்பதில்லை. ஆறாம் திணை என்ற இடத்துக்கு ஏற்கெனவே பலர் துண்டு போட்டு வைத்திருப்பதால் ஷெட்டை ஏழாவதாக வைப்போம்.

முதற்பொருளில் நிலம் மேற்சொன்ன 180 சதுர அடி. சிறுபொழுது, ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் வராத வேளை. பெரும்பொழுது, கரண்ட் இருக்கும் காலம். கருப்பொருளுள் தெய்வம் விஸ்வகர்மா, உணவு ஆறிப்போன டீ, விலங்கு எலி, புள் ஷட்டர் உருளைக்குள் கூடு கட்டிய புறா, பறை கட்டிங் மிஷின், தொழில் அளந்ததை மறுபடி அளத்தல். உரிப்பொருள், தேடலும் தேடல் நிமித்தமும்.

தேடப்படுவது பெரும்பாலும் பென்சில். அது காதில் இருக்கிறது.

இயல் 2: அயல்நாட்டு மரபு

கார் ஷெட்டிலிருந்து உலகம் பிறந்தது என்பது அமெரிக்கத் தொன்மம். அதன் கருவறை கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில், அடிசன் அவென்யூ 367ஆம் எண் வீட்டின் பின்னால் இருக்கிறது. ஹியூலெட், பேக்கர்ட் என்ற இருவரும் 538 டாலர் முதலோடு அங்கே 1939இல் நிறுவனம் தொடங்கினார்கள். ஷெட்டின் அளவு 12க்கு 18 அடி. அவர்கள் செய்த ஆடியோ ஆஸிலேட்டரில் எட்டை வால்ட் டிஸ்னியின் நிறுவனம் வாங்கியது. சிலிக்கான் பள்ளத்தாக்கு பிறந்த இடம் என்று 1989இல் அங்கே பலகையும் வைத்துவிட்டார்கள்.

நம் ஷெட் அதைவிட இரண்டடி அகலம் குறைவு. இதுவரை ஆஸிலேட்டர் பிறக்காததற்கு இதுவே காரணம் என்பது மதிலுரை. அது பொருந்தாது. என்னை? அந்த இருவரும் அலமாரி அடித்ததற்காகவோ, சுவரில் ஆணிப்பலகை மாட்டியதற்காகவோ யாரும் பலகை வைக்கவில்லை. அவர்கள் செய்த பிழை, பட்டறையைச் சீரமைக்காமல் நேரே பொருளைச் செய்யத் தொடங்கியது. அதனால்தான் சீக்கிரமே வேறு இடத்துக்குப் போக நேர்ந்தது.

ஹென்றி ஃபோர்டு இன்னும் மோசம். டெட்ராய்ட்டில் வீட்டுக்குப் பின்னாலிருந்த செங்கல் கொட்டகையில் தம் முதல் வண்டியைச் செய்தார். 1896 ஜூனில் ஓட்டிப் பார்க்கலாம் என்றபோது வாசல் வண்டியைவிடக் குறுகல் என்று தெரிந்தது. கோடாலியால் சுவரை இடித்து வெளியே கொண்டுவந்தார். ரசமட்டம், மூலைமட்டம், டேப் மூன்றும் வைத்து வாசலை அளந்த பிறகே வேலை தொடங்குவது என்ற நம் மரபில் இத்தகைய விபரீதம் நேர வழியே இல்லை. வண்டியும் நேர வழியில்லை என்பார் அடுக்களையுரைகாரர் (காலைப் பதிப்பு).

இயல் 3: வெளியேற்றப்பட்ட கார்

புங்க மரத்தடியில் நிற்கிறது, காக்கைகள் அறியும்.

இயல் 4: மேசை, விளக்கு, ஈரம்

நின்று வேலை செய்யும் மேசை, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்துக்கு இருக்க வேண்டும். சுமாரான உயரமுள்ளவருக்கு 34 அங்குலம் சரியாக வரும். இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு, அந்த மேசையை எதன்மேல் வைத்து இழைப்பது என்பதில்தான். நல்ல மேசை செய்ய நல்ல மேசை வேண்டும். ஆகவே முதலில் ஒரு தற்காலிக மேசை செய்யப்பட்டது. அது ஆடியதால் அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு சட்டம். சட்டத்தை அறுக்க ரம்பம். ரம்பத்தை மாட்டிவைக்கப் பலகை. பலகையில் எந்தக் கருவி எங்கே என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றின் உருவமும் பெயின்டால் வரையப்பட்டது. சுத்தியலின் உருவம் சுத்தியலைவிட நன்றாக வந்திருக்கிறது. இப்போதைய நிலவரப்படி இந்தப் பட்டறையில் உற்பத்தியான அத்தனையும் இந்தப் பட்டறைக்கே தேவைப்பட்டவை. முந்தைய ஆய்வேடுகளை ஆராய்ந்த ஆய்வேடுகளை ஆராயும் ஆய்வேடுகள் நம் நூலகங்களில் இருக்கும்போது, இதை மட்டும் குறை சொல்வது அழகல்ல.

விளக்கில் ஓர் எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் அதனால் விநாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகிறது. ஏற்ற வேகத்தில் சுழலும் லேத்தோ அரைக்கும் சக்கரமோ அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கையை நீட்டினால் தெரிந்துவிடும். பட்டறைகளில் பக்கத்துப் பக்கத்து டியூப்களை வெவ்வேறு ஃபேஸில் இணைப்பது இதற்காகவே. நிற்பதுபோல் தோன்றிச் சுழல்வது லேத். சுழல்வதுபோல் தோன்றி நிற்பவற்றைத் துறைவாரியாகப் பட்டியலிடலாம். ஆனால் வழிகாட்டிப் பேராசிரியர்கள் மனம் புண்படும்.

ஈரத்தைப் பொறுத்தவரை, கடற்காற்று வரும் ஊரில் இரும்பு வைத்திருப்பவர் எண்ணெயும் வைத்திருக்க வேண்டும். கருவிப்பெட்டியில் கற்பூரக் கட்டி போட்டுவைக்கும் தச்சர்கள் உண்டு. நாமும் வைத்தோம். அது பூஜை அறைக்குத் திரும்பிவிட்டது (அடுக்களையுரை, வெள்ளிக்கிழமைப் பதிப்பு, கேள்வி வடிவில்).

இயல் 5: எஞ்சிய திருகாணி

ஆய்வின் இதயம் இதுவே. எந்தப் பொருளைக் கழற்றி மாட்டினாலும் ஒரு திருகாணி மிஞ்சும். மிஞ்சியது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகும். பாட்டில் நிறைந்தால் பிஸ்கட் டின்னுக்கு மாறும். இது ஏன் மிஞ்சுகிறது?

கவனக்குறைவு என்பது மதிலுரை (மாலைப் பதிப்பு, ஏணிமேல் நின்று சொன்னது). அஃது உரையன்மை அறிக. நாம் முன்வைப்பது இடைச்செருகல் கோட்பாடு. அதாவது, மிஞ்சிய திருகாணி மூல மிக்ஸியில் இல்லவே இல்லை. பிற்காலத்தார் எவரோ செருகியது. சான்று, அது இல்லாமலும் மிக்ஸி ஓடுகிறது. ஓடுவதோடு மேடையில் நாலு விரற்கடை நடக்கவும் செய்கிறது. தமக்குப் பொருள் விளங்காத பாட்டையெல்லாம் பிற்சேர்க்கை என்று நீக்கிவிட்டு, நூல் இப்போதுதான் செம்மையாயிற்று என்று முன்னுரை எழுதிய பதிப்பாசிரியர்களிடம் கற்ற முறை இது. அவர்கள் நீக்கிய பாட்டுகளும் ஏதோ ஒரு டின்னில் கிடக்கும்.

அடுத்து அடுக்காய்வு. டின்னை அசைக்காமல் மேலிருந்து கீழாகப் பார்த்தால் மூன்று படிவுகள் தெரியும். மேலே, பெட்டியில் பிரித்து வந்து நாமே பூட்டிக்கொள்ளும் கட்டில், அலமாரிகளின் ஆலன் போல்ட்டுகள். நடுவே ஸ்டார் தலை கொண்ட மெட்ரிக் திருகாணிகள். அமெரிக்கரான ஃபிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற தலை இது. கார்த் தொழிற்சாலைகள் வழியாகப் பரவி, நம்மூர் ஸ்விட்ச் பெட்டி வரை வந்து சேர்ந்தது. அடியில் ஒற்றைக் கோடு போட்ட பித்தளைத் தலைகளும் அங்குலக் கணக்கில் புரி வெட்டிய போல்ட்டுகளும். இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறச் சட்டம் வந்தது 1956இல். ஆகவே அடிப்படிவு தாத்தா காலம். அதில் துருப்பிடித்த ஆணி ஒன்றும் கிடைத்தது. டின்னின் காலத்தை இதை வைத்தே இரும்புக்காலம் வரை கொண்டுபோய்விடலாம், பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்று கூட்டினால் போதும் என்று மதிலுரைகாரர் ஆர்வம் காட்டினார். பெருந்துன்பம் என்னவென்றால், ஒரு திருகாணி தேட டின்னைக் கவிழ்த்த கணமே மூன்று காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

இனிப் புரி. அரை அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்வோம். 1841இல் விட்வொர்த் வகுத்த ஆங்கிலேய முறையில் அதற்கு அங்குலத்துக்கு 12 புரி, புரியின் கோணம் 55 பாகை. 1864இல் செல்லர்ஸ் முன்மொழிந்து வளர்ந்த அமெரிக்க வழியில் இன்று அதற்கு 13 புரி, கோணம் 60 பாகை. ஒன்றின் நட் மற்றதில் ஒரு சுற்று ஏறும், அப்புறம் அடம்பிடிக்கும். கால் அங்குலத்தில் வஞ்சகம் கூடுதல். இரண்டிலும் 20 புரியே. கோணம் மட்டும் வேறு. நட் முனகாமல் ஏறிவிடும், பிடிமானம்தான் அரைகுறை. பிரிட்டனும் அமெரிக்காவும் தோளோடு தோள் நின்று உலகப் போரே நடத்தின; ஆனால் ஒருவர் நட் மற்றவர் போல்ட்டில் சேரவில்லை. கனடாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் உடன்பட்டுப் பொதுப்புரிக்குக் கையெழுத்திட 1948 ஆயிற்று.

அந்த உடன்படிக்கை நம் டின்னைக் கட்டுப்படுத்தவில்லை. அதில் எல்லாக் கட்சியும் உண்டு. எம் 8 உண்டு, அதன் புரியிடை 1.25 மி.மீ.; அதையே 8 மி.மீ. என்று நம்பவைக்கும் 5/16 அங்குலமும் உண்டு, அதன் விட்டம் 7.94 மி.மீ. கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்பாரும் உளர். அவர்கள் கையில் தேய்ந்த ஸ்பேனர் இருக்கும். அவர்கள் போன வழியில் முனை மழுங்கிய நட்டுகள் இருக்கும்.

ஆகவே வகைப்படுத்தல் கட்டாயமாயிற்று. ஐஸ்கிரீம் டப்பாக்கள் வாங்கப்பட்டன; டப்பாக்கள் வேண்டும் என்பதால் ஐஸ்கிரீமும் உண்ணப்பட்டது. நீளம், விட்டம், தலை, புரி, உலோகம் என்று ஐவகைப் பகுப்பு. எதிலும் சேராதவற்றுக்கு ‘பிற’ என்றொரு டப்பா. ஆய்வு முதிர முதிரப் ‘பிற’ வளர்ந்தது. இறுதியில் மற்ற டப்பாக்கள் காலியாக, அனைத்தும் ‘பிற’வில் அடங்கின. டப்பா கொள்ளாமல் போகவே பழைய பிஸ்கட் டின் மீண்டும் பயன்படுத்தப்பட்டது (அடுக்களையுரை, ‘மறுபடியுமா’ எனத் தொடங்கும் பகுதி, ஞாயிறு நண்பகல், குக்கர் விசிலால் இடையே மூன்று சொல் சிதைவு, சிதைந்த சொற்களை ஊகித்து நிரப்ப இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை, மதிலுரைகாரர் நிரப்பித் தந்த பாடம் அச்சுக்கு உரியதன்று).

இயல் 6: பயன்

மானியக் குழுவினர் கேட்பார்கள் என்பதால் இந்த இயல்.

அந்தக் குக்கரின் கைப்பிடியே லொடலொடத்தது. “ஏங்க, இத்தனை வச்சிருக்கீங்களே, இதுக்கு ஒண்ணு போடுங்க” என்று அடுக்களையுரைகாரர் கேட்டதும், ஆய்வின் சமூகப் பயன் மெய்ப்படும் தருணம் வந்ததென்று டின் மேசையில் கவிழ்க்கப்பட்டது. ஒன்றில் நீளம் அதிகம். ஒன்றில் தலை குழிக்குள் இறங்கவில்லை. ஒன்று எல்லாம் சரியாகி, இரண்டு சுற்றில் நின்றது. விட்வொர்த்தாக இருக்கக்கூடும்.

தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் கைப்பிடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கிருந்தோ எடுத்து மேசையில் வைத்தார், கச்சிதமாகப் பொருந்தியது.

“ஒண்ணா தர்றதில்ல சார். பாக்கெட்தான்.”

குக்கருக்கு ஒன்று போக, மீதி டின்னில்.