பல் பொறுக்கிகள்

காரை மண்ணில் சுறாப்பல் கண்டுபிடிப்பது எப்படி என்று விளக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் போன ஞாயிற்றுக்கிழமை எரிச்சல் முன்னால் வந்து நிற்கிறது. அதைக் கொட்டாமல் பேனா நகராது.

காரை இருப்பது பெரம்பலூர் மாவட்டத்தில். புல் முளைக்காத ஓடைச்சரிவு, சுமார் பத்து கோடி வருஷத்துக்கு முந்தைய கடலடிச் சேறு. நான் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தேன். கார் ஒன்று வந்து நின்றது. குடும்பமே இறங்கியது, ஆளுக்கொரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு.

“அங்கிள், மெகலோடான் பல் எந்தப் பக்கம் கிடைக்கும்?”

மெகலோடான்! சினிமாக்காரன் இந்த ராட்சதச் சுறாவின் பெயரைச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கல்யாண வீட்டில் மெகலோடான், முடிதிருத்தும் கடையில் மெகலோடான். டிராயரைத் திறந்து நகக்கண் அளவுப் பல்லைக் காட்டினால், “இவ்ளோதானா? மெகலோடான் இல்லையா?” என்று துக்கம் விசாரிக்கிறார்கள். ஐயா, அது பூமிக்கு வந்தே இரண்டு கோடிச் சொச்சம் வருஷம்தான் ஆகிறது. காரைச் சுறாவுக்கும் அதற்கும் நடுவில் ஏழரை கோடி வருஷம். இதைச் சொன்னேன். குடும்பத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, சின்ன மெகலோடானாவது இருக்குமா?” என்றார். அவர் மனைவி, பல்லை மோதிரத்தில் பதித்தால் ராசியா என்று கேட்டார். ஐரோப்பாவிலும் ஒருகாலத்தில் இந்த மாதிரிப் பல்லைப் பாம்பின் நாக்கு கல்லானது என்று நம்பி, விஷமுறிவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1666இல் இத்தாலியில் பிடிபட்ட சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த ஸ்டெனோ என்ற உடற்கூறு ஆய்வாளர், அது சுறாப்பல்லேதான் என்று அடுத்த வருஷம் எழுதினார். நம் குடும்பம் 1665இல் நிற்கிறது.

பையன் அதற்குள் ஜிப்சம் சில்லுகளைப் பை நிறைய அள்ளியிருந்தான். வெயிலில் மினுக்குவதெல்லாம் அவனுக்குப் பல்.

“இப்படி அள்ளலாமா?” என்றேன். “புறம்போக்குதானே சார்!”

இந்த நாட்டில் இதற்குமேல் வாதம் கிடையாது. அமெரிக்காவின் ப்ளோரிடாவில் அரசு நிலத்தில் முதுகெலும்பு உயிரிகளின் புதைபடிவம் எடுக்க அனுமதிச்சீட்டு வேண்டும், சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு. அங்கே அது அவ்வளவு மலிவு. நம் ஊரில் 2022இல் புவிமரபுச் சின்னங்களுக்காக ஒரு வரைவு மசோதா வெளியிட்டார்கள். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் கல்மரம் ஒன்று இன்னும் கிடக்கிறதென்றால், சட்டம் அல்ல, யாராலும் தூக்க முடியவில்லை என்பதே காரணம். அதற்கும் வேலி போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் மட்டும் யோக்கியமா என்பீர்கள். என் பல்லெல்லாம் மாத்திரை டப்பாவில், பஞ்சுக்கு மேல், எடுத்த இடம் எழுதிய துண்டுச்சீட்டோடு இருக்கின்றன. வீட்டில் அந்த டிராயருக்குப் ‘பல் ஆஸ்பத்திரி’ என்று பெயர். நான் எடுத்தால் ஆராய்ச்சி, அவர் எடுத்தால் கொள்ளை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுறாவுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைக்கும், ஆயிரக்கணக்கில். உடம்பில் இருப்பது குருத்தெலும்பு, மக்கிவிடும். ஆக, பத்து கோடி வருஷத்துக்கு முன் அது துப்பியதற்குத்தான் இத்தனை அடிதடி. காரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன சாமி தொலைச்சீங்க?” என்பார். ஒன்றும் தொலைக்கவில்லை என்றால், “பொறவு எதுக்குத் தேடுறீங்க?” இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதாக ஆரம்பித்தேன். சொல்லப்போவதில்லை. புதைபடிவம் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே வெயில் கிடையாது, நானும் இருக்கமாட்டேன்.