முதிய டிராக்டரின் பின்டயர்: ஹைதராபாத்தின் மேற்கு எல்லையை முன்வைத்து ஓர் ஆய்வு

காற்றழுத்தம் பற்றி டீக்கடைதோறும் கருத்து உண்டு. முன்டயர் பற்றியும் பேசுவோர் உண்டு. ஆனால் வயதான டிராக்டர் ஒன்றின் பின்டயர்கள் மொட்டையாகிவிட்டால் அந்த இடத்தில் எதை மாட்டுவது என்ற கேள்வியைத் தமிழ் அறிவுலகம் வேண்டுமென்றே தவிர்த்து வருகிறதோ என்ற ஐயம் இக்கட்டுரையாளருக்கு நெடுநாளாக உண்டு. அக்குறையைப் போக்கவே இம்முயற்சி. ஆய்வுக்கு எந்த அறக்கட்டளையும் நிதி தரவில்லை. டயருக்கான பணத்தை மட்டும் மாமா தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆய்வுப் பொருள் ஒரு பி-275. இங்கிலாந்தின் டொன்காஸ்டரில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் உருவாக்கிய இம்மாதிரியை, 1963-இல் அந்நிறுவனமும் மஹிந்திராவும் வோல்டாஸும் கூட்டாகத் தொடங்கிய இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1977-இல் அந்தக் கம்பெனி மஹிந்திராவுடன் இணைந்துவிட்டது. நம் வண்டி அதற்கு முந்தியது. ரயில்வேயில் ஓய்வுபெற்று மெட்டுகூடாவில் குடியிருக்கும் மாமா, செவெள்ளா சாலையில் மொயினாபாத் தாண்டி வாங்கிய நிலத்தோடு சேர்ந்து வந்தது. கிணறு, ஒரு வேப்பமரம், ஒரு டிராக்டர், ஒரு டிரைவர் எல்லாம் சேர்த்துத்தான் விலை.

இதை ‘விண்டேஜ்’ என்று அழைக்கலாமா? மாமா அழைக்கிறார், அதுவும் விருந்தினர் வரும்போது சற்று உரக்க. ஆனால் ஒன்றிய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளும் நான்குசக்கரப் பயணிகள் வண்டிகளும்தான் விண்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற தனி அடையாளம், அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் தடை. டிராக்டருக்கு நான்கு சக்கரம் இருந்தும் அது பயணிகள் வண்டி ஆகாது (மட்கார்டில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகிறவர்களைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை). ஆக, நிஜாமின் ரோல்ஸ் ராய்ஸ் ஓடாமல் நிற்பதால் விண்டேஜ். பி-275 இன்னும் உழுவதால் வெறும் கிழடு. இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆதியில் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான். அமெரிக்காவில் ஆலிஸ்-சாமர்ஸ் நிறுவனம் ஃபயர்ஸ்டோன் விமான டயர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்து, 1932-இல் காற்று நிரப்பிய டயரோடு ‘மாடல் யு’ டிராக்டரை விற்கத் தொடங்கியது. காற்றடைத்த பை ஒன்று கலப்பையை இழுக்கும் என்று விவசாயிகள் லேசில் நம்பவில்லை. எனவே 1933-இல் பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற கார்ப் பந்தய வீரரை ஏற்றி மணிக்கு 64 மைல், அதாவது சுமார் 103 கிலோமீட்டர், வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த வேகத்தில் உழுதால் விதை எந்த மாவட்டத்தில் போய் விழும் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. அடுத்து எட்மண்ட் ஹிலாரி. இவர் 1958 ஜனவரி 4 அன்று ஃபெர்குசன் டிராக்டர்களோடு தென்துருவத்தை அடைந்தார். ஆனால் சக்கரங்களின்மேல் சங்கிலிப் பட்டை மாட்டிக்கொண்டு போனதால், பின்டயர் ஆய்வுக்கு அவர் ஒரு பங்களிப்பும் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இனி மூலபாடச் சிக்கல். ஆய்வுப் பொருளின் இடது டயர் பக்கவாட்டில் ‘11-28’ என்று பொறித்திருக்கிறது. வலது டயரிலோ ‘12.4-28’. மாமா இதைக் கண்டு, இத்தனை காலமும் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே ஓடியதாக முடிவுகட்டி, தம் இடுப்புவலிக்கும் அதையே காரணமாக்கினார். உண்மையில் இரண்டும் ஒரே அளவு. 28 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதில் கருத்து வேறுபாடு இல்லை. முதல் எண்தான் தகராறு. பழைய முறையில் 11 என்றதை, டயரின் உண்மையான அகலத்தை அளந்து எழுதும் பிந்தைய முறை 12.4 என்கிறது. அவ்வாறே 10 என்பது 11.2 ஆயிற்று, 12 என்பது 13.6 ஆயிற்று, 13 என்பது 14.9 ஆயிற்று. ஆக இடது டயர் பழைய மரபு, வலது டயர் புதிய மரபு. இடுப்புவலிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அருகில் ‘12 பி.ஆர்.’ என்றொரு குறிப்பு. டயருக்குள் 12 அடுக்குத் துணி இருப்பதாக இதற்குப் பொருள் கொள்வது பரவலான பிழை. பருத்தித் துணி காலத்தில் அத்தனை அடுக்கு கொடுத்த பலத்தை இது கொடுக்கும் என்பதே பொருள். இப்போது நைலான், அடுக்குகள் குறைவு. எண் மட்டும் பரம்பரைப் பட்டம்போல ஒட்டிக்கொண்டுவிட்டது. கடையில் முதலில் தேட வேண்டியது இதையெல்லாம் அல்ல, பக்கவாட்டில் கடைசியாக வரும் நான்கு இலக்கத்தை. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். ரப்பர் கடையில் சும்மா கிடந்தாலும் கிழடாகும். கிழ டிராக்டருக்குக் கிழ டயரையே தலையில் கட்டிவிடும் அபாயம் இருப்பதால், இந்த ஒரு கல்வெட்டையாவது கண்ணாடி போட்டுப் படிப்பது நலம்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் எந்த வேளாண் ஆய்வும் நிறைவு பெறாது. செவெள்ளா வட்டாரத்தில் தெலுங்கர் ‘செல்க’ எனும் செம்மண்ணும் உண்டு, ‘ரேகடி’ எனும் கரிசலும் உண்டு. 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பட்டான்செருவில் இடம் பிடித்தபோது, ஒரே வளாகத்தில் இவ்விரு மண்ணும் அமைந்தது அதற்குப் பெரிய வசதி. அங்கே மாடு இழுக்கும் பலபயன் சக்கரக் கருவியை வருடக்கணக்கில் மெருகேற்றினார்கள். இத்தகைய கருவிகளை உலகெங்கும் விவசாயிகள் ஏன் ஏற்கவில்லை என்று பால் ஸ்டார்க்கி 1988-இல் ஒரு முழு நூலே எழுத நேர்ந்தது. ஆராய்ச்சி செய்பவனுக்கும் உழுகிறவனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இக்கட்டுரையாளர் அறியாதவர் அல்லர். இருந்தும் தொடர்கிறார். செம்மண் ரப்பரை அரத்தால் உரசுவதுபோல் தேய்க்கும். ஈரக் கரிசல் டயரின் மேடுகளுக்கு நடுவே அப்பிக்கொண்டு டயரையே வழவழப்பான உருளை ஆக்கிவிடும். மேடுகள் சாய்வாக அமைந்திருப்பது அந்தச் சேற்றை வெளியே தள்ளத்தான். அதற்குத்தான் டயருக்குத் திசை உண்டு. பின்னால் நின்று பார்த்தால் மேடுகள் நடுவில் மேல்நோக்கிக் கூட வேண்டும். தலைகீழாக மாட்டினால் சேற்றை உள்ளே வாரிக்கொண்டே போகும்.

இவ்வளவு கருவிகளோடு செகந்திராபாத் ராணிகஞ்சுக்குக் களப்பணிக்குச் சென்றோம். சக்தி, வஜ்ரா, சம்பூர்ணா, கிருஷக், ஆயுஷ்மான், வர்தன் என்று டயர்களின் பெயர்களை அடுக்கினார் கடைக்காரர். காருக்கு டயர் விற்கும்போது ஆங்கிலத்தில் பேசும் அதே கம்பெனிகள், டிராக்டர் என்றதும் விபூதி பூசிக்கொள்கின்றன. எம்.ஆர்.எஃப். பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு: 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. காற்றை அடைக்கும் தொழிலில் நீண்ட பாரம்பரியம். இப்போது ஹைதராபாத்துக்கு மேற்கே சதாசிவப்பேட்டையிலும் அதற்கு ஆலை உண்டு என்பதால் உள்ளூர்ச் சரக்கென்றே கொள்ளலாம்.

மூலபாடம், மண்ணியல், பி.ஆர். எண் ஆகியவற்றை நாம் விளக்கி முடிக்கும்வரை கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“துன்னடானிக்கா, ட்ராலிக்கா?”

உழவுக்கா, டிரெய்லருக்கா. மாமா தயங்காமல் “உழவுக்குத்தான்” என்றார். கடைக்காரர் வெளியே வந்து, நின்றிருந்த வண்டியின் மொட்டை டயரைத் தடவினார். ஓரங்களில் மேடு மிச்சம் இருந்தது. நடுப்பகுதி மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தது. வயலில் தேய்ந்த டயர் இப்படி இருக்காது, காற்றை விறைப்பாக ஏற்றிப் பாரத்தோடு தார்ரோட்டில் ஓடிய டயர் இது என்றார். எல்லோரும் டிரைவரைப் பார்த்தோம். டிரைவர் சாலையைப் பார்த்தார்.

“எண்டாகாலம் மட்டும்தான் சார்.”

எண்டாகாலம் என்றால் கோடை. விளக்கம் மெல்ல வெளிவந்தது. 1908-இல் மூசி நதி வெள்ளம் ஹைதராபாத்தைச் சூறையாடிய பிறகு 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. அவற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்க 1996-இல் வந்த அரசாணை 111, 84 கிராமங்களில் கட்டடங்களுக்குக் கடிவாளம் போட்டது. மொயினாபாத் பக்கம் இன்னும் உழவு மிஞ்சியிருப்பதற்கு அது ஒரு காரணம். 2022-இல் கடிவாளம் தளர்ந்தது. அந்த எல்லைக்கு இப்பால், நகரத்தை ஒட்டி, அடுக்குமாடிகள் முளைத்த வேகத்துக்குக் குழாய் போய்ச் சேரவில்லை. தண்ணீர் டேங்கர்தான் போகிறது. டேங்கரை இழுக்க டிராக்டர் வேண்டும். மாமாவின் விண்டேஜ், கோடைதோறும் மாமாவுக்குத் தெரியாமல் ஹைதராபாத்தின் குடிநீர்த் துறையில் பணியாற்றி வந்திருக்கிறது.

ஆய்வின் முடிவு இங்கேயே கிடைத்துவிட்டது. பின்டயரைத் தீர்மானிப்பது மண்ணும் அல்ல, ரிம்மும் அல்ல. நகரம் வயலுக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதே. தார்ரோட்டுக்கென்று அகலமான, பள்ளம் குறைந்த மேடுகளோடு தனி டயர் உண்டு. அதை மாட்டினால் வயலில் வழுக்கும். உழவு டயரை மாட்டினால் ரோட்டில் சீக்கிரம் கரையும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். மாமா கௌரவம் கருதி உழவு டயரே வேண்டும் என்றார், ஜோடியாக, 12.4-28. ஒன்றை மட்டும் மாற்றினால் புதிதும் தேய்ந்ததும் வேறுவேறு சுற்றளவாகி, டிஃபரன்ஷியல் நேர்ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டிவரும். இதில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போயிற்று.

மாட்டியபின் டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றினார்கள். எடை கூடினால் சறுக்கல் குறையும். சறுக்கலே இல்லாமலும் இருக்கக் கூடாது, வயலில் 10 முதல் 15 சதவீதம் வரை சறுக்குவதே ஆரோக்கியம். குளிர்நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். ஹைதராபாத்தில் அந்தச் செலவு மிச்சம். தண்ணீர் எங்கிருந்து என்று மாமா கேட்கவில்லை.

பழைய டயர்களின் பிற்கால வாழ்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இருந்தாலும் ஒன்றைப் பதிவு செய்யலாம். நாங்கள் பில் கட்டிக்கொண்டிருந்தபோதே டிரைவர் அவற்றைப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டிருந்தார். மஞ்சள் பெயின்ட் அடித்து ஊஞ்சல் கட்டப் போகிறார்களாம். எவ்வளவுக்குப் போயிற்று என்று மாமா கேட்டதற்கு, எண்டாகாலக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.